காற்றைப் பிடிக்கும் கிருமி

யுத்தக் காலம். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியின் கிடங்கில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம். கொழும்பிலிருந்து வந்த ஒரு மரப்பெட்டியைத் திறந்தோம். வைக்கோலுக்குள் நான்கு கண்ணாடிக் குப்பிகள். உள்ளே கூழ் போல ஏதோ உறைந்திருந்தது. லேபிளில் ‘பாக்டீரியா கல்ச்சர், பயறு விதைக்கு’ என்று இங்கிலீஷில் இருந்தது.

ரிஜிஸ்டரில் எதில் சேர்ப்பது? உரமா, மருந்தா, விதையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். காலரா பயம் இருந்த நேரம் அது.

“பாக்டீரியான்னா கிருமிவே! பினாயில ஊத்தும்” என்றவர், எனக்குக் கை வராததைப் பார்த்து, தானே இரண்டு குப்பிகளைத் திறந்து உள்ளே பினாயிலை ஊற்றிவிட்டார்.

அதற்குள் பெட்டிக்கு உரியவர் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினார். சாயர்புரத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்த எஸ்தர் டீச்சர். பினாயில் வாடை பட்டதும் முகம் வெளுத்தது.

“ஐயோ, இது உரம் சார்! சண்டை வந்ததுல இருந்து அமோனியம் சல்பேட் மூட்டை வாரதில்ல. இந்தக் கிருமி தட்டப்பயறு வேர்ல முண்டு முண்டா உக்காந்து, காத்துல உள்ள நைட்ரஜனப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். கொடிய மடக்கி உழுதா அடுத்த பயிருக்கு உரம்.”

“அந்தக் காத்தத்தான நாமளும் இழுக்கோம்? நமக்கு ஒண்ணும் ஒட்டலையே?” என்றார் மேனேஜர்.

“அதுக்குத்தான் சார் கிருமி வேணும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் குப்பியைப் பார்த்தேன். டீச்சர் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு குப்பியைத் திறந்து, கூழை வெறுங்கையால் தொட்டுக் காட்டினார்.

“எனக்குப் பேதி வந்தா நீங்க பயப்படுங்க. மழை பெஞ்சிருக்கு, நான் விதைக்கணும்.”

மீதி இரண்டு குப்பிகளையும் கொடுத்தனுப்பினோம். பாதி வயலுக்குத்தான் கல்ச்சர் கலந்த விதை வந்தது. மறுபாதியில் வெறும் விதையைப் போட்டார்.

கொடி படர்ந்த பிறகு என்னை வரச் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே பச்சை. கொடிகளைப் பிடுங்கினோம். இரண்டு பக்க வேரிலும் முண்டுகள். கிள்ளினால் உள்ளே சிவப்பு; கிருமி வேலை செய்வதற்கு அதுதான் அடையாளமாம்.

“இங்கன நான் போடவேயில்லையே! எப்படி வந்துச்சு?” என்று டீச்சரே திகைத்தார்.

பிறகு விவசாய இலாகாவின் டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் விளக்கினார்: பயறு விளைந்து பழகிய மண்ணில் அந்தக் கிருமி முன்பே இருக்குமாம். அப்படியானால் டீச்சர் கொழும்புக்கு எழுதி வாங்கியது வீணா? நாங்கள் பினாயில் ஊற்றியதில் நஷ்டமே இல்லையா? இன்றும் எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். விளங்காத சரக்கு வந்தால் தனியே பூட்டிவைப்பேன். அதற்கு உரியவர் வந்து பேசும்வரை யாரையும் தொட விடமாட்டேன்.