இரண்டு தலைச்சோலை

தலைச்சோலையில் நடந்த தேர்த் திருவிழாவை நானும் என் தம்பி அருளும் ஆளுக்கொரு கேமராவில் படம் எடுத்தோம். என்னுடையது விண்டோஸ் கணினி, அவனுடையது மேக். அவன் தன் படங்களை என் கணினியில் ஏற்றிவிட்டுப் போன பிறகு பார்த்தால், ‘தலைச்சோலை’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றே இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டேன்.

சில வாரங்களில், பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மரியா அக்காவின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அக்கா அழுது வீங்கிய முகத்தோடு வந்தார்.

“ஏனுங்க டீச்சர், திருவிழாவுல அருளு தம்பி அவரைப் படம் புடிச்சாருங்களே, அது இருக்குங்களா? ஊட்டுல ஆதார் அட்டைப் படத்தை உட்டா வேற இல்லீங்க.”

தேடினேன். நான் எடுத்த படங்கள் மட்டுமே இருந்தன. உடனே அருளுக்குப் போன் செய்தேன். அருளும் இடம் போதவில்லையென்று தன்னிடம் இருந்தவற்றை அழித்திருந்தான்.

“ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாரு!” என்று போனில் கத்தினான். நல்லவேளை, அழித்தவை போய்ச் சேரும் அந்தத் தொட்டியை நான் காலி செய்திருக்கவில்லை; அவன் ஃபோல்டர் அதில் அப்படியே இருந்தது.

பிறகு அருள் விளக்கினான்: ‘சோ’வில் சகரத்தோடு சேரும் கொம்பையும் காலையும் என் கணினி ஒரே குறியாகவும், அவன் கணினி இரண்டாகப் பிரித்தும் சேமித்திருந்தனவாம். கண்ணுக்கு ஒரே பெயர்தான். என் கணினிக்கோ இரண்டும் வேறு வேறு.

படத்தில் அவர் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

“இப்பிடியா சிரிச்சாருங்க? நான் சமையல் பக்கம் இருந்துட்டனுங்க. பாக்கவே இல்லீங்க.”

இப்போது ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறோம். ஒரே பெயரில் இரண்டு தெரிந்தால், இரண்டையும் திறந்து பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. யாரைப் படம் எடுத்தாலும், முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன்.