பதினேழாம் எண் அயிரை

பதினேழாம் எண் அயிரை மீன் எந்தத் தண்ணீரில் பிறந்தது? மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஒன்றரை மாதமாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும், பிள்ளைக்கு இட்லியை மசித்து ஊட்டும்போதும் அதுதான் மனதில் ஓடுகிறது. பதில் தெரியவில்லை. இனித் தெரியும் என்றும் தோன்றவில்லை. அது தெரியாமலே என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை மே மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் என் பயம்.

நான் தேனியில் பிறந்தவள். உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் ஆய்வுக்குப் பதிந்திருந்தேன். எங்கள் பள்ளத்தாக்கின் வாய்க்கால்களில் இருக்கும் அயிரைக்கும், வைகையின் கீழ்ப்பக்கத்து அயிரைக்கும், மலைக்கு மேற்கே இருக்கும் அயிரைக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிப்பதுதான் தலைப்பு. குழம்பு வைக்கிற மீனைப் பற்றி ஐந்து வருடம் படிக்கிற மருமகள் என்று தெருவில் எனக்குப் பெயர். அதில் கேலி இருந்தாலும் கெட்ட எண்ணம் இல்லை.

வேலையைச் சொல்வது சுலபம். ஒவ்வொரு மீனிலும் துடுப்பில் ஒரு துணுக்கை நறுக்கி ஆல்கஹாலில் போட்டு எண் எழுதி வைக்க வேண்டும். ஆய்வகத்தில் அதிலிருந்து ஒரு மரபணுவின் எழுத்துகளைப் படிப்பார்கள். எல்லா மீன்களின் எழுத்துகளையும் வரிசைக்குக் கீழ் வரிசையாக அடுக்கினால், எந்தெந்த இடத்தில் யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று தெரியும். அதை வைத்துக் கணினி ஒரு மரம் வரைந்து தரும். இன்று உயிரோடிருக்கும் மீன்கள் நுனிகளில் இருக்கும். இரண்டு கிளைகள் சேரும் கணுவில் இருப்பது, இப்போது இல்லாமல் போன ஒரு மூதாதை. அதை யாரும் பார்த்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்று எழுத்துகளை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

முதல் மரம் வந்த அன்று காலையில் என் கணவரிடம் காட்டினேன். அவர் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டும்போது திரும்புவார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"பதினாறும் மேல இருக்கிற முப்பதும் ஒட்டிக்கிட்டுல இருக்கு. அப்ப ரெண்டும் பங்காளியா?"

அப்படிப் படிக்கக் கூடாது என்றேன். நுனியில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு அர்த்தமே கிடையாது. பிள்ளையின் தொட்டிலுக்கு மேல் பிளாஸ்டிக் கிளிகள் தொங்குகின்றனவே, அதைப் போலத்தான் மரமும். ஒவ்வொரு கணுவிலும் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் பக்கத்தில் இருந்த கிளி தூரப் போய்விடும், கம்பி மாறாது. எந்தக் கணுவில் சேருகிறார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதான் உறவு.

"இங்கன இருக்கிறது அங்கனயும் போகலாம்னா எதுக்கு இத மெனக்கெட்டு வரையணும்?" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. அவர் மேல் குறை இல்லை. களைத்து வருகிறவரிடம் நானும் எத்தனை தடவை கணுவைப் பற்றிப் பேசுவது?

அந்த மரத்தில்தான் பதினேழாம் எண்ணைக் கண்டேன். பதினொன்று முதல் இருபத்து நான்கு வரை பதினான்கு மீன்கள், எங்கள் ஊருக்குக் கீழே இருக்கும் வாய்க்காலில் ஒரே இடத்தில் பிடித்தவை. பதின்மூன்று மீன்கள் வைகை மீன்களோடு ஒரு கிளையில் சேர்ந்தன. பதினேழு மட்டும் மலையைத் தாண்டிப் போய் மேற்குப் பக்கத்து மீன்களோடு உட்கார்ந்திருந்தது.

முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, சந்தேகம். குழாய் மாறியிருக்குமோ, எண்ணை மாற்றி எழுதியிருப்பேனோ என்று நோட்டை நான்கு முறை பார்த்தேன். மிச்சத் துணுக்கை அனுப்பி மறுபடி படிக்கச் சொன்னேன். அதே எழுத்துகள். அடுக்கிய வரிசைகளிலிருந்து திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து மரம் வரைந்து பார்க்கும் ஒரு சோதனை உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பதினேழு அதே இடத்துக்கே போனது. மரம் உறுதியாகத்தான் இருந்தது.

என் நெறியாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இதற்கு இரண்டு விளக்கம் இருக்கலாம். மலை ஓடைகள் திசை மாறிய ஏதோ ஒரு பழங்காலத்தில் மேற்கு மீன்கள் கிழக்கே வந்து தங்கியிருக்கலாம். அப்படியானால் பிரிந்து வெகுகாலம் ஆகியிருக்கும். எழுத்துகள் நிறைய மாறியிருக்கும், கிளை நீளமாக இருக்கும். ஆனால் பதினேழுக்கும் மேற்கு மீனுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆகவே அண்மையில் வந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் மேற்கே போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் வயலுக்கு வருகிறது. தண்ணீரோடு மீனும் வந்திருக்கிறது என்றார் நெறியாளர். அதுவே நான்காம் அத்தியாயம் ஆனது. பள்ளத்தாக்கு மீன்களின் வரலாற்றில் சுரங்கத்தின் பங்கு. எழுதும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கையைக் கழுவும்போது குழாயில் வரும் தண்ணீரைக் கூட வேறு மாதிரிப் பார்த்தேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? என்னோடு ஆய்வகத்தில் இருந்தவர்கள் வெளிநாட்டிலும் வெளி மாநிலத்திலும் இருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது புது வேலைக்குப் போன படம் வரும், வாழ்த்து சொல்வேன். பதினேழைப் பற்றி நீளமாக ஒரு செய்தி தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். பிற்பகலில் பிள்ளை தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. ஒரு நாள் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவன் விழித்து என் பேனா மூடியை வாயில் போட்டிருந்தான். விரலை விட்டு எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல தாய் என்றால் மரத்தை மூடி வைத்திருப்பாள். நல்ல ஆய்வாளர் என்றால் பிள்ளையை யாரிடமாவது விட்டிருப்பாள். நான் இரண்டையும் பாதி பாதி செய்கிறேன் என்று தோன்றியது. மடியில் அவனை வைத்துக்கொண்டு, "இது மேக்கத்தி மீனு, இது நம்ம மீனு" என்று திரையைக் காட்டுவேன். அவன் திரையை நக்குவான்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் அயிரை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அயிரையை உயிரோடுதான் வாங்குவார்கள். வாங்கியதும் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தால் வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசுவார்கள். அத்தை உரசிக்கொண்டே, நான் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதத்தில் வாய்க்காலில் இறங்கி மீன் பிடித்த கதையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வயித்தத் தூக்கிக்கிட்டு நீ புடிச்சாந்தது இத்தினியூண்டு. பரீட்சைக்குப் பத்தாமப் போயிருமேன்னு, கொழம்புக்கு விட்டு வச்சிருந்ததுல ஒரு கை அள்ளி உன் வாளியில நாந்தேன் போட்டேன். ஒனக்குத் தெரியாதுல்ல?"

"எந்த வாளியில அத்தை?"

"அதேன், கொல்லையில மூடி வச்சிருந்தியே நீல வாளி. ஏத்தா, மொகம் ஏன் இப்பிடிப் போகுது? அயிரைன்னா எல்லாம் அயிரைதானே?"

உள்ளே போய்க் களக்குறிப்பு நோட்டை எடுத்தேன். மீன் பிடித்த அன்று ஆல்கஹால் தீர்ந்துவிட்டது. மறுநாள்தான் மதுரையிலிருந்து வரும் என்றார்கள். அதனால் பிடித்த மீன்களை உயிரோடு வாளியில் விட்டு, கொல்லையில் தட்டு போட்டு மூடி வைத்தேன். இடுப்பு வலி, கால் வீக்கம். எண்ணிப் பார்க்கக் குனிய முடியவில்லை. நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: ஏறக்குறைய பத்து. மறுநாள் எடுத்தபோது பதினான்கு இருந்தன. வாளியின் அடிச் சேற்றில் பதுங்கியதைக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மீன் கூடுதலாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

குழம்பு மீனை வாங்கி வந்தவர் என் கணவர். அன்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். குமுளியில் பஸ் ஏறும் இடத்தில் மலைக்கு மேற்கே ஓடையில் பிடித்ததாகச் சொல்லித் தகர டின்னில் விற்கும் ஒருவரிடம் சில நாள் வாங்குவார். மலைக்கு இந்தப் பக்கம் கம்பத்தில் இறங்கி வாங்கும் நாளும் உண்டு.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால வாங்குன மீனுக்கு இப்ப ஊரு கேக்குற. போன வாரம் வாங்குன தக்காளி எந்தக் கடைன்னே எனக்கு நெனப்பு இல்ல."

சிரிக்க முயன்றேன். முடியவில்லை. பதினேழு மேற்கே பிறந்து தகர டின்னில் வந்திருக்கலாம். அல்லது சுரங்கம் வழியாகவே வந்து, என் வலையில் நேராக விழுந்திருக்கலாம். இரண்டுக்கும் மரம் ஒன்றேதான். ஒரே கிளை, ஒரே நீளம், ஒரே எழுத்து வித்தியாசம். யாருக்கு யார் சொந்தம் என்று மரம் சொல்லும். எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்லாது. அதை, எந்த இடத்தில் பிடித்தது என்று நான் எழுதிய சீட்டுதான் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில்தான் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

பதினேழை மட்டும் நீக்கிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அத்தையின் கையில் எத்தனை மீன் வந்தது, எவை எவை என்று யாருக்கும் தெரியாது. மற்ற பதின்மூன்றிலும் கடை மீன் இருக்கலாம். உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவை சுத்தம் என்று சொன்னால் அதுவும் பொய்தான். எடுத்தால் பதினான்கையும் எடுக்க வேண்டும். எடுத்தால் அத்தியாயம் இல்லை. மறுபடி பிடிக்கலாம் என்றால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன், வெடித்த மண்தான். ஜூனில் தண்ணீர் திறந்தால்தான் மீன். எனக்கு மே வரைதான் நேரம். பிரசவத்துக்கு ஒரு முறையும், பிள்ளைக்காக ஒரு முறையும் கேட்டுக் காலநீட்டிப்பு தீர்ந்துவிட்டது. தவறினால் பதிவு போகும், முதலிலிருந்து ஒரு வருடமாவது ஆகும்.

நெறியாளருக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"மாமியார் ரெண்டு வருஷம் கழிச்சுச் சொல்றது டேட்டா இல்லம்மா. உங்க களக்குறிப்புல என்ன இருக்கோ அதான் ரெக்கார்டு. அதை எடுத்தீங்கன்னா தீசிஸ்ல என்ன மிஞ்சும்?"

களக்குறிப்பில் 'ஏறக்குறைய பத்து' என்று இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்த பிறகு பலமுறை எடுத்தேன், வைத்தேன்.

மறுநாள் அத்தை கேட்டார், "உங்க சார் என்ன சொன்னாக? நான் போட்ட மீனு ஒதவுச்சா இல்லையா?" முகத்தில் அவ்வளவு ஆசை. எனக்கு அம்மா தேனியில் இருந்தாலும், அந்த ஏழாம் மாதத்தில் என் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் இவர்தான். "ஒதவுச்சு அத்தை" என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் இன்னும் தனியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அதை அவர்கள் யாரும் செய்யவில்லை.

ஆய்வு முறைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன்: இந்த இடத்து மாதிரிகளில் கடையில் வாங்கிய மீன்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு. நெறியாளருக்கு அனுப்பவில்லை. காலையில் சேர்க்கிறேன், மாலையில் எடுக்கிறேன். அதைச் சேர்த்தால் தேர்வாளர்கள் அத்தியாயத்தையே தள்ளிவிடலாம். சேர்க்காவிட்டால், எங்கள் ஊர் வாய்க்காலில் மேற்கு மீன் இருக்கிறது என்று நாளைக்கு இன்னொருவர் என் மரத்தை நம்பி எழுதுவார்.

இதைப் படிக்கிறவர்களில் ஆய்வு செய்தவர்கள் இருப்பீர்கள், நெறியாளர்களும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தோடு மே மாதம் கொடுத்துவிடலாமா, பதினான்கையும் எடுத்துவிட்டு மெலிந்த ஏட்டைக் கொடுக்கலாமா, அல்லது எல்லாவற்றையும் விட்டு ஜூன் தண்ணீருக்குக் காத்திருக்கலாமா? எனக்கு எழுதுங்கள். முக்கியமாக, கைக்குழந்தையோடு இப்படி ஒரு வருடத்தைத் தள்ளிப் போட்டவர்கள் யாராவது இருந்தால், அந்த ஒரு வருடத்தை வீட்டில் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் பேசிய வார்த்தைகளையே எழுதி அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும்.