தலை தீபாவளி லேகியம்

1952-ஆம் வருஷம். திருவனந்தபுரம் வலியசாலையில், மாமனார் வீட்டில் எனக்குத் தலை தீபாவளி. ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நானும் மனைவியும் நாகர்கோவிலில் குடித்தனம் வைத்து இரண்டு மாதம்கூட நிரம்பவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் மறைத்திருந்தோம், என் வயிற்றுப்புண்ணை. காரம், புளி, காபி கூடாது, பாலும் குழைந்த சாதமுமாக வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். நல்ல வேளையாக என் மனைவியின் சமையலில் காரமே இருக்காது. என் அதிர்ஷ்டம் என்று பேசாமல் சாப்பிட்டு வந்தேன். மாமியார் வீட்டு விருந்தை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

விருந்து வரைக்கும் போகவே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும், வெறும் வயிற்றில் மாமனார் ஒரு பெரிய உருண்டை லேகியத்தை நீட்டினார். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேர்ந்து மூக்கைத் துளைத்தது.

"வயத்துக்கு இதைவிட மருந்து கெடையாது மாப்பிள்ளை. கூச்சப்படாம எடுத்துக்கோங்கோ" என்றார்.

மருந்தை எப்படி வேண்டாம் என்பது? விழுங்கினேன். மனைவி அடுக்களையிலிருந்து பதறிக்கொண்டு வருவதற்குள் இரண்டாவது உருண்டையும் உள்ளே போய்விட்டது.

அரை மணிக்குள் வயிறு பற்றி எரிந்தது. கிணற்றடிக்கு ஓடினேன். வாந்தி காபி டிகாஷன் நிறத்தில் வந்தது. அது ரத்தம் என்று எனக்குத் தெரியும். கை கால் சில்லிட்டுப் போயிற்று. செத்துப்போவேனோ என்பதைவிட, குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள். அன்று அப்படித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"நான்தான் லேகியம் குடுத்தேன். எம் பொண்ணு வாழ்க்கையை என் கையாலயே கெடுத்துட்டேனே" என்று மாமனார் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி லேகியத்தின் மேல் போயிருக்கும். அந்த மனுஷர் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வருஷத்துப் புண், மறைத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாமியார்தான் முதலில் பேசினார். "அதானா இவ நேத்திக்கு வந்ததும் வராததுமா மொளகாப்பொடி டப்பாவை ஒளிச்சு வெச்சா? காரம் இல்லாட்டா இவளுக்கு ஒரு வாய் எறங்காதே."

மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்க பொட்டியில வயத்துப்புண் மருந்தைப் பாத்தேன். நீங்களா சொல்வேள்னு இருந்தேன். லேகியம்தான் எனக்குத் தோணாமப் போச்சு."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரமில்லை மாப்பிள்ளை, போகட்டும் விடுங்கோ. மொதல்ல உடம்பு தேறட்டும்" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் பாலும் கஞ்சியுமாகக் கிடந்து பிழைத்து வந்தேன். புண் ஆறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் காரமில்லாமல் ஒரு வாய் இறங்காதவள், இரண்டு மாதம் என் எதிரில் உட்கார்ந்து அந்தச் சப்பைச் சாப்பாட்டைச் சாப்பிட்டதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேனே, அது மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் லேகிய வாசனை வரும்போது உள்ளே எரிகிறது.