முருகன் கேட்ட முடி

என் கனவில் முருகன் வந்ததாகச் சொன்னது பொய். அதைச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். இடையில் யாரிடமும் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சினிமா டைரக்டர். கிள்ளானில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் ஒருவர் தன் பழைய கேமராவை ஞாயிறுதோறும் இரவல் கொடுப்பார். மாமா எடுத்த படம் ஒரு தண்டவாளத் தொழிலாளியின் வீட்டுக் கதை. அப்பாவாக மாமாவின் சிநேகிதர், மகனாக நான். கதையில் நடப்பது ஒரே வாரம். எடுக்க ஒரு வருடம் ஆகியிருந்தது. அதனால் என் முடி ஓர் அங்குலம்கூட வளரக் கூடாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமா வருவார். படப்பிடிப்பின் முதல் நாளில் எடுத்த போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் காதோரம் வைத்து ஒப்பிட்டு, கத்தரியால் வெட்டுவார். காய்ச்சலில் நான் கிடந்தபோது அம்மா பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டையும் அவருக்காகத் தள்ளிப்போயிருந்தது.

எனக்கு வேண்டியதெல்லாம் பந்து. ரயில்வே திடலைத் தாண்டும்போது பையன்கள் கத்துவார்கள்.

“என்னடா ஸ்டாரு, இன்னிக்கும் ஷூட்டிங்கா? கோலுக்கு ஆள் இல்ல லா!”

தைப்பூசம் நெருங்கியது. ஸ்டூடியோக்காரர் சீனப் புத்தாண்டோடு கடையை மூடிவிட்டுக் கேமராவுடன் சிங்கப்பூர் போவதாக இருந்தார். ஒரே ஒரு காட்சி பாக்கி: வேலைக்குப் போகும் அப்பா மகனின் தலைமுடியைக் கோதிவிட்டு நடப்பார், திரும்பி வரமாட்டார். அதை எடுக்க இரண்டு ஞாயிறுகள் இருந்தன; தைப்பூசம் அவற்றுக்கு முன்பே வந்தது. அப்போதுதான் அம்மாவிடம் முருகன் என் முடியைக் கேட்டதாகச் சொன்னேன்.

“சாமி குத்தம் ஆயிடும் தம்பி, இனிமே தள்ளிப்போட முடியாது” என்றாள் அம்மா மாமாவிடம்.

மாமா என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். “நெசமாவே கனவு வந்துச்சா டா?”

“ஆமா மாமா. வேல் வெச்சிருந்தாரு.”

 மாமா அக்காவோடு வாதாடியிருப்பார், முருகனோடு முடியவில்லை.

பெரிய பையனானாலும் முடி இறக்கத் தாய்மாமன் மடிதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். பத்துமலை ஆற்றங்கரையில் அவர் மடியில் உட்கார்ந்தேன். கத்தி ஓடும்போது நான் அசையாதபடி இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். 

“முடிதானே, வளந்துரும் லா” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேமரா போய்விட்டது; அந்தக் காட்சி எடுக்கப்படவே இல்லை. பிறகு இரண்டு படங்கள் தொடங்கினார்; இரண்டும் பாதியில் நின்றன. குடி வந்தது, ரயில்வே வேலை போனது. கடைசியில் ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் காவலாளியாக இருந்தார். கம்போங் மேடானில் அவர் இறந்த அறையில், பிஸ்கட் டின் ஒன்றில் பிலிம் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தப் போட்டோவும் இருந்தது. அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் என்னை வதைப்பது அந்த அறை அல்ல; மொட்டை போட்ட மறு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மாமா வழக்கம்போல வந்து நின்றார். என் தலையைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

“என்ன தம்பி?” என்றாள் அம்மா.

“சும்மாதான்க்கா, வந்தேன்.”

நான் பந்தை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டித் திடலுக்கு ஓடினேன். மதியம் திரும்பியபோதும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இன்று விடுமுறை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.