சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த முள்

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் இஞ்சின் டிரைவராக இருந்தேன். பெல்ட் வழியாக இயந்திரங்களைச் சுழற்றும் எங்கள் சின்ன டீசல் இஞ்சின் ஒருமுறை சூடேறி நின்றுவிட்டது. நான் தூங்கிவிட்டேன் என்று சொல்லி, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எண்ணெய்ச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் இரண்டு முள் மீட்டர்களைப் பூட்டவைத்தார். அவற்றின் செப்புக் குழாய்களைச் சுவர் வழியாகக் கொண்டுபோய், மீட்டர்களைத் தம் அறை வாசலில் மாட்டினார். இஞ்சினை ஓட்டும் எனக்கு முள் தெரியாது.

"ஒன்னயக் கண்காணிக்கத்தான்" என்றார்.

அந்த வாசலருகே தேயிலை சலித்தவள் செல்லம்மா. தொழிற்சங்கத் தகராறில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற பிறகு என்னைக் கண்டாலே காறித் துப்புவாள்.

ஒருநாள் டீமேக்கர் வெளியே போயிருந்தபோது அவள் ஓடிவந்தாள்.

"முள்ளு செவப்புக் கோட்டுக்குக் கீழ போயிருச்சு. நிறுத்துய்யா!"

நிறுத்தினேன். அடியில் எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இஞ்சின் இறுகி, பெல்ட் அறுந்து ஆளை அடித்திருக்கும்.

திரும்பி வந்த டீமேக்கர் அவள்மேல் பாய்ந்தார். "மீட்டரப் பார்க்க ஒனக்கு என்ன வேல?"

"கண்ணு இருக்குங்க, பார்த்தேன்."

நான் நன்றி சொல்லப் போனேன்.

"ஒனக்காகச் சொல்லல. பெல்ட்டுகிட்ட எம்மக நிக்கிறா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கடைசிவரை அவள் என்னோடு பேசவில்லை. அந்த நாள்வரை அது என் இஞ்சின் என்றே நினைத்திருந்தேன். அதன்பின் அதை முடுக்கும் முன், பெல்ட் அருகே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் இருந்ததில்லை.