கோழி டைமரும் என் ஜெர்மன் ஜோடியும்

மலேசியாவில், எங்கள் கூலிம் வீட்டுச் சமையல் மேடையில் கோழி வடிவில் ஒரு டைமர் இருக்கிறது. மஞ்சள் நிறம் வெளுத்து, அலகும் உடைந்துவிட்டது. கழுத்தை முறுக்கினால் இன்னும் ஓடுகிறது. நேரம் முடிந்ததும் மணியடிக்கிறது. விடுதிப் பள்ளியில் ஜெர்மன் மொழிப் பாடத்துக்கு எனக்கு ஜோடியாக இருந்தவள் கொடுத்தது.

பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில் ஜெர்மன் மேல்நிலைத் தேர்வுவரை தாக்குப்பிடித்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் அலோர் ஸ்டார்க்காரி, குமாஸ்தா வீட்டுப் பெண். நான் மெர்போக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள். வாய்மொழித் தேர்வில் ஜோடியாகத்தான் பேச வேண்டும். நான் விலகினால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. தினமும் மாலையில் சாப்பாட்டுக் கூடத்தில் கோழியை நடுவில் வைத்துப் பேசிப் பழகுவோம். ஒருத்தி திணறினால் மற்றவள் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘இதுவா, அதுவா’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது அவள் வகுத்த விதி. எனக்கோ காத்திருக்கவே வராது.

“கேள்வியும் நீயே கேப்ப, பதிலும் நீயே சொல்லுவ. அப்புறம் நான் எதுக்குலா? போயி மீ கோரெங் சாப்பிடுறேன்” என்பாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது அம்மா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். “ஜெர்மன் படிச்சு யாருகிட்டமா பேசப் போற? பாசார்ல மீன் விக்கிறவருகிட்டயா? அந்த நேரத்துல கெமிஸ்ட்ரிய பாரு.” அம்மா சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் சொன்ன பேச்சைக் கேட்கும் பெண். மறுநாள் மாலை, விலகப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கோழியின் கழுத்தைப் பத்து நிமிடத்துக்கு முறுக்கி வைத்தாள். “ஏன் விடுறேன்னு ஜெர்மன்ல சொல்லுடி. சொல்லி முடிச்சிட்டா போய்க்கோ.”

அம்மா, கெமிஸ்ட்ரி, நேரமின்மை என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டேன். அவள் ஜெர்மனிலேயே கேட்டாள்: “பயம் உன் அம்மாவுக்கா, உனக்கா?” பிறகு வாயே திறக்கவில்லை. கோழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணியடிப்பதற்குச் சற்று முன்பு, “எனக்கு” என்றேன். அன்றிரவே அம்மாவை அழைத்து, இரண்டையும் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அம்மாவிடம் அப்படிப் பேசியதே இல்லை.

தேர்வில் திணறியது அவள்தான். பள்ளி விருந்துக்குத் திட்டமிடுவதுபோல் பேச வேண்டிய பகுதியில் சட்டென்று உறைந்துபோனாள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, “உள்ளேயா, திடலிலா?” என்று கேட்டுக் காத்திருந்தேன். அவள் மீண்டும் பேசத் தொடங்கினாள். இருவரும் தேறினோம்.

ஜெர்மன் இன்று எனக்குச் சோறு போடவில்லை. அம்மா சொன்னதுதான் சரியோ என்று சில நாள் தோன்றும். ஆனால் இரண்டரை வயதாகியும் என் மகள் பேசவில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று கலந்து பேசிக் கெடுத்துவிட்டேனோ, நேரம் கடத்திவிட்டேனோ என்று தவித்தபடி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த தாதி எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவளுக்கு முன்னாடி நீங்களே பேசிடுறீங்கக்கா” என்றார். இதை ஏற்கெனவே ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அன்று முதல் தினமும் கோழியை மேசைமேல் வைக்கிறேன். “பாலா, பழமா?” என்று கேட்டு, ஒரு நிமிடத்துக்கு முறுக்கிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். பல நாள் மணி மட்டுமே பதில் சொன்னது. நேற்று மகள் பாலையும் பார்த்தாள், பழத்தையும் பார்த்தாள். பிறகு டைமரைக் காட்டி, “கோயி” என்றாள்.

நான் கேட்காத பதில். கோழியை அவள் கையில் கொடுத்தேன். மணியடித்ததும் வாங்கி, மறுபடியும் முறுக்கி வைத்தேன்.