சூசையை அனுப்பியது யார்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு வாடை அடிக்கும். சலவை சோப்பும் செம்மண்ணும் ஆட்டக்காரர்கள் காலில் தேய்த்துக்கொள்ளும் தைலமும் பதினோரு பேரின் வியர்வையும் ஒரே அண்டாவில் ஊறுகிற வாடை அது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டை சட்டையாகக் கும்மித் துவைப்பார், நான் அலசிப் பிழிவேன், அம்மா அடுக்களைக்குள்ளிருந்தே, "கோயிலுக்குப் போட்டுட்டுப் போன வேட்டியோடயா இந்த வேல" என்று ஏசுவாள். ஒன்று முதல் பதினொன்று வரை வரிசை தப்பாமல் கொடியில் காயப்போடுவது என் பொறுப்பு. எனக்கு அப்போது பத்து வயது. வரிசை தப்பினால் அடுத்த வாரம் ஆட்டம் தோற்கும் என்று நானாகவே ஒன்றை முடிவு செய்து வைத்திருந்ததால், ஒன்பதைத் தொங்கவிட்டுவிட்டு எட்டைத் தேடி அண்டாவுக்குள் தலையை விட்ட நாட்களும் உண்டு.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் நடத்திய கால்பந்து அணி அது. சட்டையின் நிறத்தை வைத்து ஊர் அதற்குச் "செஞ்சட்டை" என்று பேர் வைத்திருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாதான் அணியின் செயலாளர். செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பது, சட்டை துவைப்பது, ஆள் பிடிப்பது, வேறு அணிக்குப் போகிறவனுக்கு "ரிலீஸ் லெட்டர்" என்கிற விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது, எல்லாம் அவர்தான். வாழ்நாளில் ஒரு ஆட்டமும் ஆடாதவர் என்றாலும், ஒருவன் நாலு அடி ஓடினால் போதும், அவனுக்கு எந்தக் கால் சொந்தக் கால், எந்தக் கால் இரவல் என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அவருக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான்.

சூசையை அப்படித்தான் கண்டுபிடித்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் உட்காராமல் மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பசியோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார். இரண்டே வருஷத்தில் ஒன்பதாம் நம்பர் சட்டை என்றால் சூசை என்று ஆகிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் எல்லாரும் மைதானத்துக்கு எதிரே இருந்த தங்கையா அண்ணாச்சியின் சோடாக் கடையில் கூடுவார்கள். உண்மையான ஆட்டம் அங்கேதான் தொடங்கும். யார் பந்தை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், கோல்கீப்பர் எதற்கு முன்னால் ஏறி வந்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரைப் போகவிட்டது தப்பு, யாரை எடுத்தது அதைவிடத் தப்பு என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள். கணக்கு வாத்தியார் எபனேசர் சார் ஒவ்வொரு கோலையும் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருப்பார். வாக்குவாதம் முற்றினால் நோட்டு சட்டைப்பைக்குள்ளிருந்து வெளியே வரும், எல்லாரும் அடங்குவார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்து கடைசியாக வாய் திறப்பார். "செயலாளர் சொல்லுதாரு, கேளுங்கவே" என்பார் தங்கையா அண்ணாச்சி. அப்பாவின் மடியில் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டு, இந்த ஊரே எங்கள் அப்பா சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. அணியை விட்டுப் போகிறவன் தன் கடைசி ஆட்டம் முடிந்ததும் நடுமைதானத்தில் சட்டையைக் கழற்றி, எல்லார் முன்னாலும் செயலாளர் கையில் கொடுத்து, எதற்காகப் போகிறேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குச் "சட்டைக் கொடுப்பு" என்று பேர். சொன்னால் கைதட்டி அனுப்புவார்கள், சிலபேர் அழவும் செய்வார்கள். சொல்லாமல் போனவன் அந்த மைதானத்துக்குள் மறுபடி தலைகாட்ட முடியாது.

இறுதி ஆட்டத்துக்கு எட்டு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சூசை எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நான் தரையில் உட்கார்ந்து பந்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, தூத்துக்குடியில கப்பல் சரக்குக் கம்பெனியில வேல தாறாங்க. அவங்க டீமுக்கு ஆடணும். திங்கக்கெழமைக்குள்ள லெட்டர் வேணுமாம்" என்றான். "அப்பாவால இனி கடலுக்குப் போக முடியாது. தங்கச்சிங்க ரெண்டு பேரு இருக்கு."

"நல்ல காரியந்தானலே. மைதானத்துல வந்து சட்டையக் குடுத்துட்டு, இதையே சொல்லிட்டுப் போ" என்றார் அப்பா.

சூசை அழத் தொடங்கினான். பெரிய ஆள் ஒருவர் அழுவதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். போன மாதம் அரையிறுதியில் ஜெயித்தபோது தோளில் தூக்கி ஆடிய கூட்டத்துக்கு நடுவே, இந்தச் சட்டையைத் தவிர வேறு சட்டை போடமாட்டேன் என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணாச்சி சொல்லுவேன்? என்னத் துரோகின்னுல்லா சொல்லுவாங்க" என்றான்.

அப்பா எழுந்துபோய் லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "சட்டைய இங்கன வச்சிட்டுப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவன் போனதும் என் பக்கம் திரும்பி, "ஏளா கிரேசு, கேட்டது உன் காதோட இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் சோடாக் கடையில் நான் மடியில்தான் இருந்தேன். சூசை எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பா சோடாவைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தான் போகச் சொன்னேன்வே. அவன் காலுல பழைய வேகம் இல்ல" என்றார்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மன்னித்திருப்பார்கள். எபனேசர் சார் நோட்டைப் பிரித்தார். "பதினாலு ஆட்டத்துல பதினோரு கோலு போட்டவனுக்கு வேகம் இல்லையாம்" என்று வாசித்துவிட்டு மூடினார். யாரோ பின்னாலிருந்து, "ஆட்டம் தெரியாத மனுசன் கையில டீமக் குடுத்தோம் பாரு, நம்மளச் சொல்லணும்" என்றார்கள். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது ஒருமுறை இறுகியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சூசை இல்லாமல் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அவன் இடத்துக்கு மணிமுத்தாறு அணைக் குடியிருப்பிலிருந்து ஸ்டீபன் என்ற நெட்டைப் பையனை அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் இல்லாத கோலுக்குள்ளும் பந்தைத் தள்ளத் தெரியாதவன். "மணிமுத்தாத்துலருந்து வாரான், தண்ணி மாதிரி பாய்வான்னு பாத்தா, மதக அடைச்சிட்டுல்லா வந்திருக்கான்" என்று தங்கையா அண்ணாச்சி சொன்னது பாளையங்கோட்டை முழுக்கப் பரவியது. தூத்துக்குடியில் சூசை போட்ட ஒவ்வொரு கோலும் எப்படியோ சோடாக் கடைக்கு வந்துசேர்ந்தது. வந்த ஒவ்வொரு கோலுக்கும் அப்பாவுக்கு ஒரு ஏச்சு. பதவியிலிருந்து அவரை யாரும் இறக்கவில்லை. சட்டை துவைக்க ஒரு ஆள் வேண்டுமே. ஆனால் "செயலாளர் சொல்லுதாரு" என்று யாரும் சொல்லவில்லை. அவர் போனால் பேச்சை மாற்றினார்கள், அவர் உட்கார்ந்தால் எழுந்தார்கள். கொஞ்ச நாளில் அப்பா சோடாக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் செஞ்சட்டை ரசிகர்கள். வீட்டில் கேட்டதை அப்படியே கொண்டுவந்து, "உங்க அப்பாவாலதான தோத்தோம்" என்பார்கள். ஒரு வரியில் எல்லாருடைய வாயையும் அடைக்கலாம். அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது, நான் சொல்லவில்லை. மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன். அந்த வருஷத்தில்தான் தனிமை என்ன என்று எனக்குத் தெரிந்தது. ஆள் இல்லாமல் இருப்பது அல்ல அது. உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, சொல்ல முடியாமல், கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது.

அடுத்த வருஷம் கம்பெனி அணிக்காக ஆட சூசை எங்கள் மைதானத்துக்கே வந்தான், நீலச் சட்டையில். அப்பா அன்றைக்கும், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல, ரசிகர்களோடு நிற்காமல் எதிர்ப்பக்க மூலையில், கார்னர் கொடிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். நான் அவர் அருகில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் சூசை எங்களுக்கு எதிராக ஒரு கோல் போட்டான். எங்கள் ரசிகர்கள் அவனுக்குக் கைதட்டினார்கள். எதிரணிக்காரன் போட்ட கோலுக்கு அந்த மைதானத்தில் கைதட்டியது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். பிறகு மொத்தக் கூட்டமும் எங்கள் மூலையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சூசை மட்டும் பார்க்கவில்லை. அப்பா என் காதருகே குனிந்து, "எடது காலுல அடிச்சான் பாத்தியா? அது நான் சொல்லிக் குடுத்தது" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்புறம் சூசை வரவே இல்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வரும், கையெழுத்துக்கு மேல் ஒரு எழுத்தும் இருக்காது. அப்பா அந்த அட்டைகளையெல்லாம் ஒன்பதாம் நம்பர் பொட்டலத்தோடு பீரோவில் வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் அவரை நல்ல மனிதர் என்றார்கள். ஆட்டம் தெரிந்தவர் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். செஞ்சட்டை அணி இல்லை, மைதானத்தில் பாதியை வண்டி நிறுத்த எடுத்துக்கொண்டார்கள், சோடாக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மிஞ்சியிருக்கிற பழைய ரசிகர்கள் வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அப்பா இறந்தபின் யாரோ என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் இன்றைய அணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பழைய ஆள் மாற்றங்களுக்குத்தான் வந்து நிற்பார்கள். போன மாதம் சூசை இறந்துபோனதாகச் செய்தி வந்தது. எபனேசர் சார் நோட்டைப் படமெடுத்துப் போட்டார். கீழே அஞ்சலிகள் நிறைந்தன. நடுவில் ஒருவர், "இந்த மாதிரி ஆட்டக்காரனை வேகம் இல்லை என்று அனுப்பினாரே ஒரு புண்ணியவான்" என்று எழுதி ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தார்.

காப்பாற்ற வேண்டிய வாக்குக்கு உரிய இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன், அந்தச் சனிக்கிழமை, பொட்டலம், சூசையின் அழுகை, லெட்டர், அப்பா சொன்ன பொய். அனுப்பிவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் படித்தார்கள். அரைமணி நேரம் கழித்துத் தங்கையா அண்ணாச்சியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. எண்பது தாண்டிய குரல், மூச்சு வாங்கி வாங்கிப் பேசியது.

"எம்மா கிரேசு, அது எங்களுக்கு அந்த வாரமே தெரியும்மா. சூசைக்கு ஒண்ணுவிட்ட அண்ணங்காரன் சோடா குடிக்க வந்தவன் எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான போனான். ஆனா சூசைய ஏசிட்டு நாங்க எப்படிம்மா ஆட்டம் பாக்க முடியும்? யாரையாவது ஏசணும்லா. உங்கப்பான்னா தாங்குவாருன்னு விட்டுட்டோம்."

மூன்று முறை கேட்டேன். தாங்கினார், உண்மைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே. அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாமலேதான் அவர் போய்ச் சேர்ந்தார். சோடாக் கடைக்கும் அந்தக் கார்னர் கொடிக்கும் நடுவே ஒரு மைதானம்தான் இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு நாள், அவர்களில் ஒருவராவது அதைக் கடந்து வந்து, ஒரு சோடா குடிக்கிற நேரம் எங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.